எஸ்தர் சொன்ன ‘ஆங்’

அன்புள்ள முரளி,

நீ ஹைதராபாத் போய்ச் சேர்ந்துவிட்டதாக அபர்ணா நேற்றே செய்தி அனுப்பிவிட்டாள். அதனால் பயணம் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் வேண்டாம். நாளை திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும், எஸ்தர் என்கிற அந்தப் பெண்ணின் நேர்காணல் பற்றி நீ உன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு. நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படி. இதை எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்து, எழுதியதைக் கிழித்து, இப்போதுதான் ஒருவழியாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தபாலுக்கு நேரம் இல்லை.

எனக்கு எதையும் அடியிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். முடிவை முதலில் சொன்னால் அது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஆகவே உனக்குப் பிடிக்காத விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவை எனக்குத் தெரியும்.

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் தேவராஜ்தான் அவர். என் ஸ்கூட்டரை வெகு காலமாக அவரிடம்தான் விடுகிறேன். நீ ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருவதற்கு முந்தின நாள் வண்டியை எடுக்கப் போயிருந்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“சார், உங்க புள்ள ஐதராபாத்துல மருந்து கம்பெனில பெரிய ஆளா கீறாராமே?”

“பெரிய ஆளெல்லாம் இல்ல தேவராஜ். வேல பாக்கறான்.”

“நம்ம எஸ்தருக்கு வெள்ளிக்கெழம அங்கதான் இன்டர்வியூ. வீடியோவுல. நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, அதே கம்பெனி பேரு. நான் உங்ககிட்ட பேசறது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைச் சோறு இல்லாம படுக்க வச்சிடும். ஒரு வார்த்த மட்டும் புள்ளைகிட்ட சொன்னீங்கன்னா…”

“சொல்ல மாட்டேன் தேவராஜ். சொன்னா உங்க பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்ச படிப்புக்கே மரியாத இல்லாம போயிடும். எனக்கு உங்களத் தெரியும்னுகூட அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

“ஆங்” என்றார் அவர். “ஆங் சார்.” பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “அப்ப எப்ப சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சொல்லவே மாட்டேன்னு சொன்னேன். நீங்களும் ஆங்னு சொன்னீங்களே!”

“கேட்டுகினு இருக்கேன்னு சொன்னேன் சார். சரின்னா சொன்னேன்?”

அதுவரை நடந்தது அவ்வளவுதான். அவருக்குக் கொடுத்த வார்த்தையை நான் காப்பாற்றினேன். நீ வந்த பிறகு உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. நீ நேர்காணல் செய்யப்போகும் பெண் அவள்தான் என்று உறுதியாகவும் தெரியாது. உங்கள் கம்பெனியில் எத்தனையோ பிரிவுகள் இருக்கும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ முன்னறையில் திரைக்கு எதிரில் இருந்தாய். நான் பக்கத்து அறையில் இருந்தேன். எனக்குக் கேட்டது எப்படி என்று சொல்ல வேண்டும். தேதியை மாற்ற முடியவில்லை என்று நீ விடுமுறையிலும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாய். “நைனா, ஒரு மணி நேரம் டிவி போடாதீங்க” என்றாய். நான் மின்விசிறியைக்கூட ஒன்றில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் இருந்தேன். தெருவில் காவடிக்காரர்கள் பம்பை அடித்துக்கொண்டு போனார்கள். நீ ஜன்னல்களைச் சாத்தினாய். ஆனால் நடுக்கதவு மழை ஈரத்தில் உப்பி, முழுதாக மூடாது. காதில் மாட்டும் கருவியில் சார்ஜ் இல்லை என்று ஒலியை வெளியே விட்டே பேசினாய். எழுந்து போயிருக்கலாம். போனால் நாற்காலி சத்தம் போடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், உண்மையைச் சொன்னால், கேட்கப் பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். தடுப்பூசி ஆய்வகத்தில் தரச் சோதனை செய்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஆள் எடுக்கும் குழுக்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் எப்படிக் கேள்வி கேட்கிறான் என்று கேட்க ஆசை இருக்காதா?

நீ நன்றாகக் கேட்டாய். வெற்றியைப் பற்றிக் கேட்காமல், “உங்கள் கையில் கெட்டுப்போன ஒரு தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றாய். நேர்காணலில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. நன்றாக நடந்த வேலையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மனப்பாடம் செய்து வந்திருப்பார்கள். கெட்டுப்போனதைச் சொல்லும்போது ஆள் தெரிந்துவிடும். அந்தப் பெண் தயங்காமல் சொன்னாள். செல்கள் வளர்கிற தொட்டியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் திடீரென்று இறங்கியிருக்கிறது. மேலே இருந்தவர்கள் காற்றைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் திரையில் எண் சரியாகிவிடும், ஏன் இறங்கியது என்பது தெரியாமல் போய்விடும் என்று அவள் முதலில் மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். உள்ளே பாக்டீரியா. நம் செல்லுக்குப் போக வேண்டிய ஆக்சிஜனை அது தின்றுகொண்டிருந்தது. நீ “குட்” என்றாய். உன் குரலில் இருந்த மகிழ்ச்சி கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. தன் ஊர் திருத்தணிப் பக்கம், கே.ஜி.கண்டிகை என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான். அப்போதுதான் யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பிறகு உன் துறைத் தலைவர் பேசினார். லக்னோக்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீளமான கேள்வி. ஐம்பது லிட்டர் தொட்டி, விதைச் செல்களை ஊற்றுவதிலிருந்து அறுவடை வரை, இரவு ஷிஃப்ட் உட்பட, மேற்பார்வை எதுவும் இல்லாமல், நீங்கள் ஒருவராகவே நடத்தியிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இடையில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. அவர் நிறுத்திய இடத்தில் அவள் ஒரு சத்தம் கொடுத்தாள். “ஆங்.”

அவர் உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அப்படியானால் இரவில் காரத்தன்மை மாறியபோது தனியாக எப்படிச் சமாளித்தீர்கள் என்றார். அவள் கொஞ்சம் தடுமாறி, “சார், ஐம்பது லிட்டரில் நான் குழுவோடுதான் இருந்தேன். தனியாக நடத்தியது ஐந்து லிட்டர் மட்டும்” என்றாள். இப்போதுதானே ஆமாம் என்றீர்கள் என்றார் அவர். இல்லை சார் என்றாள். சொன்னீர்கள், இரண்டு பேரும் கேட்டோம் என்றார். பிறகு உன்னைப் பார்த்து, “முரளி?” என்று கேட்டார். நீ, “நானும் கேட்டேன்” என்றாய். அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை.

சாப்பிடும்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்.

“நல்ல பொண்ணு நைனா. விஷயம் தெரியுது. ஆனா பொய் சொல்லுது.”

“என்ன பொய்யாம்?” என்று உன் அம்மா கேட்டாள்.

“செய்யாத வேலைய செஞ்சேன்னுச்சு. அழுத்திக் கேட்டதும் மாத்திக்கிச்சு. அவரு நேர்மைங்கற எடத்துல சைபர் போட்டுட்டாரு. நானும் திங்கக்கெழம அதையே எழுதினா முடிஞ்சுது.”

“முடிஞ்சுதுன்னா? வேற எடத்துல பாத்துக்காதா?”

“திறமை பத்தலன்னு எழுதினா பாத்துக்கும்மா. பொய்னு எழுதினா ஆள் அனுப்பற ஏஜென்சி வரைக்கும் போவும். எங்க ஃபீல்டுல எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க. ஒருத்தன் கேப்பான், ஒருத்தன் சொல்லுவான். அப்புறம் எவனும் தொட்டி பக்கமே விடமாட்டான்.” பிறகு என் பக்கம் திரும்பினாய். “என்ன நைனா, நீங்க பேசவே மாட்றீங்க?”

நான் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அது ஏன் என்று நீ கேட்கலாம். வாயைத் திறந்தால், அந்தப் பெண்ணுக்காக நீங்கள் ஏன் பேசுகிறீர்கள், யார் வந்து சொன்னது என்று நீ கேட்பாய். தேவராஜ் பேர் வெளியே வரும். பிறகு நான் சொல்லும் எந்த உண்மையும் சிபாரிசாகத்தான் உன் காதில் விழும். இது ஒன்று. இன்னொன்று, எனக்கே உறுதி இல்லை. நம் பக்கத்து ஆங் இரண்டு வகை. ஆமாம் என்கிற ஆங் கீழே இறங்கி அழுத்தமாக நிற்கும். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்கிற ஆங் சமமாக இழுத்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருக்கும். அவள் சொன்னது இரண்டாவது வகை என்று எனக்குப் பட்டது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்து, பம்பைச் சத்தத்தில், ஒரு காது மந்தமான கிழவன் கேட்டது. இதை வைத்துக்கொண்டு உன் தலைவரும் நீயும் கேட்டது தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

உன் தலைவரின் மொழியான இந்தியில் ஆமாம் என்பதற்கு ஹாங் என்று சொல்வார்கள். இது நம் வீட்டில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. உன் கல்யாணம் ஏன் நாக்பூரில் நடந்தது? நிச்சயம் முடிந்த பிறகு அபர்ணாவின் அப்பா போன் செய்தார். அவருக்கு வேகமான பேச்சு. இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது, நல்ல விசாலம், நீங்கள் எல்லோரும் ரயிலில் வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பெரிய மனிதர் பேசும்போது லைனில் இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமே என்று நான் ஆங், ஆங் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்யாணத்தைத் திருத்தணியில் வைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அவர் சந்தோஷமாக வைத்துவிட்டார். அடுத்த முறை பேசியபோது மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது. நீங்கள்தானே ஹாங், ஹாங் என்றீர்கள் என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “ஒத்த ஆங்ல எம் புள்ள கல்யாணத்த நாக்பூருக்குத் தூக்கினு போயிட்டாரு மனுஷன்” என்று உன் அம்மா சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் வழிநெடுக எனக்கு ஆங் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார்கள். நீயும்தான். அபர்ணா இன்றுகூட, “மாமா, இது ஹாங்கா, ஆங்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவாள்.

இவ்வளவு தெரிந்த உனக்கு வெள்ளிக்கிழமை அது எப்படிக் கேட்காமல் போனது? இதைக் குற்றமாகக் கேட்கவில்லை. எனக்குத் தோன்றுகிற காரணத்தைச் சொல்கிறேன். நீ ஆங்கிலத்தில் நேர்காணல் செய்துகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன் காதும் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. ஹைதராபாத் போன புதிதில் அந்த ஆங்கை உன் வாயிலிருந்து எடுக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கூட்டங்களில் சிரிக்கிறார்கள் என்று சொன்னாய். வாயிலிருந்து எடுத்தது காதிலிருந்தும் போய்விட்டதோ என்னவோ. தலைவர் உன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது யோசிக்க நேரமும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்னும் வேகமாகவே ஆட்டியிருப்பேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை உண்டு, உங்களிடத்திலும் இருக்கும். ஒரு மாதிரி சோதனையில் தேறவில்லை என்றால் உடனே தேறவில்லை என்று எழுதக் கூடாது. முதலில் அளந்த கருவியைப் பார்க்க வேண்டும், அளந்த கையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை நல்ல மருந்தையே கொட்ட இருந்தோம். பார்த்தால் வெப்பப் பெட்டியின் வெப்பமானி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நமக்குப் பிடித்த விடை வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதும் குற்றம். மறு சோதனைக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் கேட்ட ஒரு சத்தம் போதுமான காரணமா? வெள்ளிக்கிழமை முழுவதும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. நேற்று நீ கிளம்பிப் போன பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேவராஜின் கடைக்குப் போனேன்.

வேண்டுமென்றேதான் போனேன். அந்தப் பெண் கிருத்திகைக்கு ஊரில் இருப்பாள், அவள் பேசுவதை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும் என்று போனேன். பிரேக்கைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

“இன்னா சார், பிரேக்கு நல்லாத்தான கீது?” என்றார் தேவராஜ்.

“கொஞ்சம் லூசா இருக்கற மாதிரி இருக்கு.”

“நீங்க ஓட்டற வேகத்துக்கு பிரேக்கே வேணாம் சார். காலை ஊணினா நின்னுடும்.”

எஸ்தர் அங்கேதான் இருந்தாள். சென்னை பஸ்ஸுக்காகப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னை அப்பாவிடம் வண்டி விடும் பெரியவர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். உன் அப்பா என்று தெரியாது. போன் வந்தது, அவள் அம்மா போலிருக்கிறது. “ஆங்… ஆங்… ஆங்… இல்லம்மா, நான் எடுத்துகினு வரல. வேணாம்மா” என்றாள். ஒவ்வொரு ஆங்கும் சமமாக இழுத்து, காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் வந்த விடை இல்லை. கதவுக்குப் பின்னால் நான் கேட்ட அதே சத்தம்.

போனை வைத்ததும் தேவராஜ், “சார் கேக்கறாரு, இன்டர்வியூ எப்டிப் போச்சின்னு” என்றார். நான் கேட்கவே இல்லை.

“ஊத்திக்கிச்சி சார்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை, உடனே போய்விட்டது. “நல்லாத்தான் போய்கினு இருந்துது. நடுவுல அந்தப் பெரிய சாரு, நீ ஆமான்னு சொன்னன்றாரு. நான் எப்பப்பா சொன்னேன்? இல்லன்னு சொன்னா, ரெண்டு பேரும் கேட்டோம்ன்றாங்க. அந்த இன்னொரு சாரு நம்ம பக்கம் போல. அவுரும் கேட்டேன்னுட்டாரு. ரெண்டு பேரு கேட்டாங்கன்னா நான் சொல்லித்தான இருக்கணும்? எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. வாயி குழறி ஏதாவது சொல்லிட்டேனோ என்னவோ.”

“சொன்னியா, சொல்லலியா?” என்று தேவராஜ் அதட்டினார்.

“தெரியலப்பா” என்றாள்.

முரளி, அவள் அந்தச் சத்தத்தைக் கொடுத்ததே அவளுக்குத் தெரியாது. மூச்சு விடுவதை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? அங்கே இருந்த மூன்று பேரில் நடந்தது என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவள் முகம் தெளிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால், நாளைக்கு நீங்கள் திரும்பக் கேட்கும்போது அது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விடையாகிவிடும். பிறகு அவள் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப வேண்டியதில்லை. “பிரேக் ஆயிடுச்சா தேவராஜ்?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிடப் போனார். திரும்பி வரும்வரை நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ கடுமையாக இருப்பது சரி. உங்கள் தொட்டியில் விளைவது ஊசி வழியாக மனித உடம்புக்குள் போகிறது. செய்யாததைச் செய்தேன் என்று எழுதுகிற ஒருவர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவளை எடுத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. அவள் உண்மையிலேயே முதலில் ஆமாம் என்று சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டதும் மாற்றியிருக்கலாம். ஒரு போன் பேச்சை வைத்து அதை இல்லை என்று சாதிக்க என்னால் முடியாது. அவள் விண்ணப்பத்தில் ஐம்பது லிட்டரைப் பற்றி என்ன எழுதினாள் என்பதும் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை அவளைக் கூப்பிடு. கேள்வியை உன் தலைவரே கேட்கட்டும். ஆமாம், இல்லை என்று ஒரு சத்தத்தில் முடிகிற மாதிரிக் கேட்காமல், ஐம்பது லிட்டர் தொட்டியில் உங்கள் கை என்ன செய்தது, மற்றவர்கள் கை என்ன செய்தது என்று கேட்கட்டும். பொய்யென்று தெரிந்தால் நீ அதையே எழுது. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தேவராஜிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.

இதில் உனக்கு என்ன வில்லங்கம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், ரகசியமாக நடக்க வேண்டிய நேர்காணலை வீட்டில் ஒலியை வெளியே விட்டுச் செய்தாய், பக்கத்து அறையில் உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு அந்தப் பெண்ணின் அப்பாவைத் தெரியும், அந்த அப்பா சிபாரிசு கேட்டும் வந்தார் என்று எல்லாம் வெளியே வரும். உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம். அடுத்த பதவி உயர்வில் இது நினைவுக்கு வரலாம். பாதியை மட்டும் சொல்லித் தப்பிக்கலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கிழித்த தாள்களில் அப்படித்தான் எழுதினேன், உனக்குத் தானாகத் தோன்றியது போலச் சொல்லிவிடு என்று. பாதி சொன்னால் பிறகொரு நாள் மீதி வெளியே வரும். அன்றைக்கு அவள் வேலையும் போகும், உன் பெயரும் போகும். அதனால்தான் இந்தக் கடிதத்தை யாரும் படிக்கலாம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். உன் தலைவருக்குத் தமிழ் தெரியாது. நீயே அவருக்குப் படித்துச் சொல். என் பக்கத்துத் தப்புகளை விடாமல் படி. அவரிடம் இதையும் சொல்: நானும் கேட்டேன் என்று நீ சொன்னது பொய் இல்லை. அவர் கேட்டது ஹாங். நீ கேட்டது ஆங். கேட்டவர்கள் இரண்டு பேர் என்றாலும் கேட்ட சொல் ஒன்று இல்லை.

இந்த வரியை எழுதும்போதே உன் போன் வந்துவிட்டது. காலையில் நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருப்பாய். கடிதம் வருகிறது, கையெழுத்துப் போடாதே என்று அனுப்பினேன். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. உன் அம்மா எடுத்துக்கொண்டு வந்து, போனின் வாயைப் பொத்திக்கொண்டு, “புள்ள கேக்கறான், என்னா சொல்லட்டும்?” என்றாள். நான் கையால் தலையில் தண்ணீர் ஊற்றுவது போலக் காட்டினேன். “குளிச்சிகினு கீறாருப்பா” என்றாள். வைத்துவிட்டு, “எதுக்கு அவனுக்குப் பயப்படறீங்க?” என்று கேட்டாள்.

நான் குளிக்கவில்லை, முரளி. நேர்மையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்டு உன் அம்மாவைப் பொய் சொல்ல வைத்தேன். அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். போனை எடுத்திருந்தால், என்ன நைனா, யார் வந்து கேட்டாங்க என்று நீ ஆரம்பிப்பாய். உன் குரல் கொஞ்சம் உயர்ந்ததும், சரி விடுப்பா, உன் இஷ்டம் என்று நான் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். பேச்சில் என்னால் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. தாளில் எழுதினால் கொஞ்சம் நிற்கும். ஆகையால் நாளை நீ அந்த முடிவை எடுக்கும்வரை உன் போனை நான் எடுக்க மாட்டேன். ஒருவேளை உன் அம்மா வற்புறுத்தி, நான் எடுத்து, வழக்கம்போல் விடுப்பா என்று சொன்னாலும், அதைக் கேட்காதே. இதில் எழுதியிருப்பதுதான் நான் சொல்ல வந்தது.

உன்
நைனா